மண்பாண்டத்துல ஒரு பொக்கிஷம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிறிஸ்டியன் ராக் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரே ஒரு ஆல்பம் கேட்டுப் பாருன்னா எதைச் சொல்வீங்க? ஒரு பேண்டோட முதல் ஆல்பமா இருந்தா நல்லது, ஆரம்பத்துல இருந்தே பிடிச்சுக்கலாம்.

பதில்: யோசிக்கவே வேண்டாம், ஜார்ஸ் ஆஃப் க்ளே. பேண்ட் பேரும் அதுதான், 1995ல வந்த அவங்க முதல் ஸ்டுடியோ ஆல்பம் பேரும் அதுதான். அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல கிரீன்வில் காலேஜ்னு ஒண்ணு, அங்க படிச்சிட்டிருந்த பசங்க 1993 வாக்குல சேர்ந்து பாட ஆரம்பிச்சாங்க, டெமோ (மாதிரிப் பதிவு) போட்டாங்க, அடுத்த வருஷம் நாஷ்வில்ல காஸ்பல் மியூசிக் அசோசியேஷன் நடத்துன போட்டியில ஜெயிச்சாங்க, அப்புறம் கம்பெனிக்காரங்க தேடி வர ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல இருந்த மேட் பிரான்லீவி படிப்பு முக்கியம்னு விலகிக்க, மேட் ஓட்மார்க் உள்ள வந்தார். டான் ஹேசல்டைன் குரல், சார்லி லோவல் கீபோர்டு, ஸ்டீவ் மேசன் கிதார், இவங்களோட ஓட்மார்க்கும் சேர்ந்து நாலு பேர், ஆல்பத்துல பத்துப் பாட்டு.

அந்த நேரத்துல ரேடியோ முழுக்க கிரஞ்ச்ங்கிற கரடுமுரடான ராக், எலெக்ட்ரிக் கிதார் காதைப் பிளக்குது. இவங்க என்னடான்னா அக்கூஸ்டிக் கிதாரை எடுத்து வேகமா அடிச்சு, பின்னாடி கம்ப்யூட்டர்ல செஞ்ச டிரம் லூப்பை (திரும்பத் திரும்ப வர்ற தாளத் துண்டு) ஓடவிட்டு, மேல வயலின் செல்லோ எல்லாம் சேர்த்தாங்க. கேக்கும்போது கோபமே இல்லாம ஒரு வேகம் இருக்கும், அது எனக்கு அப்போ புதுசு. முதல் பாட்டு 'லிக்விட்'ட ஹெட்போன்ல கேளுங்க. துறவிங்க மடத்துல பாடுற மாதிரி ஒரு பழைய கோரஸ் குரல் எழும்பும், கீழ பீட் போயிட்டே இருக்கும். வரிகள் ரொம்பக் கம்மி, பெரும்பாலும் சிலுவையில இருக்கிறவரைப் பாத்து கேக்குற கேள்விங்கதான். ஆணியடிச்ச கைகளைப் பாத்து, என்கிட்ட ஏதாவது சொல்ல வர்றீங்களான்னு கேக்குது. நடுவுல ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியும்னு ஒரு வரி, அவ்வளவுதான். ஒரு கிறிஸ்தவ பேண்ட் தன்னோட முதல் ஆல்பத்தோட முதல் பாட்டுலயே பிரசங்கம் பண்ணாம கேள்வி கேட்டு ஆரம்பிக்குது பாருங்க, நான் அங்கயே விழுந்துட்டேன்.

கேள்வி: அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்? களிமண் ஜாடின்னு ஏன் வச்சாங்க?

பதில்: நம்ம தமிழ் பைபிள்ல பாத்தா அழகா புரியும். 2 கொரிந்தியர் 4:7, "இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்". உள்ள இருக்கிறது பொக்கிஷம், வச்சிருக்கிற பாத்திரம் கீழ விழுந்தா உடையுற மண்பானை. அடுத்த வசனத்தையும் சேத்துப் படிங்க, "நெருக்கப்பட்டும் ஒடுங்கிப்போகிறதில்லை"ன்னு வரும், இந்த ஆல்பம் முழுக்க அந்த மனநிலைதான். கடைசிப் பாட்டு 'பிளைண்ட்' முடிஞ்சதும் சிடியை நிறுத்திடாதீங்க, பட்டியல்ல இல்லாத ஒரு பாட்டு ஒளிஞ்சிருக்கு, அதோட பேர் 'ஃபோர் செவன்'. நாலாம் அதிகாரம் ஏழாம் வசனம்.

கேள்வி: 'ஃப்ளட்' பாட்டைக் கேட்டேன், நல்லாதான் இருக்கு. ஆனா அதுல இயேசுங்கிற பேரே இல்லையே? அப்புறம் எப்படி அதை கிறிஸ்தவப் பாட்டுன்னு சொல்றீங்க?

பதில்: இந்தக் கேள்வி அந்தப் பாட்டு வந்தப்பவே அங்க சர்ச் ஆளுங்க கேட்டதுதான், அதனால தப்பா எடுத்துக்கல. பாட்டு என்ன சொல்லுது? மழை விடாம பெய்யுது, என் உலகமே வெள்ளக்காடாயிடுச்சு, நான் கொஞ்சம் கொஞ்சமா சேத்தோட சேறாயிட்டிருக்கேன், நாப்பது நாள் கழிச்சும் எனக்கு நீந்த முடியலேன்னா என்னைத் தூக்கிவிடுங்க. நாப்பது நாள்னதுமே நோவா ஞாபகம் வரும், ஆனா பாடுறவன் பேழைக்குள்ள இல்ல, வெளிய தண்ணியில இருக்கான், அதுதான் விஷயமே. இப்ப சங்கீதம் 69 எடுங்க, "ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை"ன்னு வருது. அதே சேறு, அதே நிலையில்லாத தண்ணி, கிதார் மட்டும்தான் கூடுதல். தாவீதுகிட்ட போய் நீங்க ஏன் விளக்கம் சொல்லாம கத்துறீங்கன்னு யாரும் கேக்க மாட்டோம் இல்லையா.

பாட்டோட நடுப்பகுதியையும் கவனிங்க. அதுவரைக்கும் அடிச்சிட்டிருந்த கிதார் சட்டுன்னு அடங்கி, செல்லோ வயலின் மட்டும் மிதக்க, குரல்கள் ஒண்ணோட ஒண்ணு சேந்து மெதுவா வேண்டிக்கும், கண்ணை நனைக்கிற புயலை அமர்த்துங்க, பாவமும் குற்றவுணர்ச்சியும் அலையா வந்து அடிக்குதுன்னு. புயலுக்கு நடுவுல கிடைக்கிற அந்த அமைதி கொஞ்ச நேரம்தான், அப்புறம் திரும்ப வெள்ளம். எத்தனையோ தடவை கேட்டுட்டேன், அந்த இடம் வரும்போதெல்லாம் கையில இருக்கிற வேலையை நிறுத்திடறேன்.

இந்தப் பாட்டையும் 'லிக்விட்'டையும் தயாரிச்சவர் கிங் கிரிம்சன் பேண்டோட கிதாரிஸ்ட் ஏட்ரியன் பெலூ, மத்ததை பசங்களே தயாரிச்சுக்கிட்டாங்க. 'ஃப்ளட்' சாதாரண ராக் ஸ்டேஷன்கள்ல ஓடி அமெரிக்காவோட முக்கியமான பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100ல 37வது இடம் வரைக்கும் போச்சு, ஆல்பம் டபுள் பிளாட்டினம், அதாவது அமெரிக்காவுல மட்டும் 20 லட்சம். சர்ச் பக்கமே போகாத எத்தனையோ பேரு கார்ல போகும்போது இந்த ஜெபத்தைக் கூட சேந்து பாடியிருப்பாங்க. பேரைச் சொல்லாததுனால ஜெபம் ஜெபமா இல்லாம போயிடுமா? எனக்கு அப்படித் தோணல.

பேர் சொல்லியே பாடுறது வேணும்னா அதே ஆல்பத்துல 'லவ் சாங் ஃபார் எ சேவியர்' இருக்கு. காட்டுப்பூ பூத்துக் கிடக்கிற வயல்ல இருக்கிற ஒரு சின்னப் பொண்ணுல ஆரம்பிச்சு, நல்ல டிரஸ் போட்டுக்கிட்டு பேசாம சர்ச் பெஞ்சுல உக்காந்திருக்கிற பெரியவங்ககிட்ட வந்து நிக்கும். 'ஹி' பாட்டை மட்டும் மனசு தெம்பா இருக்கும்போது கேளுங்க, வீட்டுக்குள்ளயே அடி வாங்குற குழந்தையைப் பத்தினது.

கேள்வி: ஸ்ட்ரைப்பர்ங்கிற கிறிஸ்தவ மெட்டல் பேண்டோட முதல் ஆல்பம்னு ஒருத்தர் 1984ங்கிறார், இன்னொருத்தர் 1985ங்கிறார். எது சரி?

பதில்: ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 1984ல வந்த 'தி யெல்லோ அண்ட் பிளாக் அட்டாக்' ஒரு ஈபி, அதாவது முழு ஆல்பத்தை விடச் சின்னது, ஆறு பாட்டுதான். முழு நீள ஸ்டுடியோ ஆல்பம்னா 1985ல வந்த 'சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்'. மஞ்சள் கறுப்பு கோடு போட்ட டிரஸ்ல மேடையேறி கூட்டத்துக்குள்ள பைபிளைத் தூக்கிப் போடுவாங்க, அந்தக் கோடு ஏசாயா 53:5ல வர்ற தழும்புகளைக் குறிக்குது, இங்கிலீஷ் பைபிள்ல அந்தத் தழும்புக்கும் கோட்டுக்கும் ஒரே வார்த்தை, 'ஸ்ட்ரைப்ஸ்'.

கேள்வி: ராக் இசையே நமக்கு ஆகாது, அது சாத்தானோடதுன்னு எங்க பெரியவங்க சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?

பதில்: சண்டை போடாதீங்க, அவங்க பயம் உங்க மேல இருக்கிற பாசத்துல இருந்து வருது. ஆனா இந்தப் பேச்சு ரொம்பப் பழசு, கிறிஸ்தவ ராக் பாடகர் லாரி நார்மன் 1969லயே 'அபான் திஸ் ராக்' ஆல்பம் போட்டப்போ இருந்து ஓடிட்டிருக்கு. அந்தத் தலைப்பே மத்தேயு 16:18, "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்". 1974ல முதல் ஆல்பம் போட்ட பெட்ரா பேண்ட் பேருக்கும் கிரேக்கத்துல கன்மலைன்னுதான் அர்த்தம், அவங்களுக்கும் ஆரம்பத்துல நிறைய சர்ச் கதவு திறக்கல. நீங்க சத்தத்தைக் கம்மியா வச்சு வரிகளை முதல்ல படிச்சுக் காட்டுங்க, அப்புறம் பாட்டைப் போடுங்க.

கேள்வி: நாங்க நாலு பேரு, சொந்தப் பாட்டு ஏழெட்டு இருக்கு. கிதார், கீபோர்டு, குரல் எல்லாம் ஓகே, டிரம்மர்தான் அமையல. முதல் ஆல்பத்துக்கு டிரம்மர் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீங்க. மேல சொன்ன ஜார்ஸ் ஆஃப் க்ளே நாலு பேர்ல டிரம்மர் யாருன்னு திரும்பப் பாருங்க, யாருமே இல்ல. இல்லாததை வச்சு அழாம லூப்பைப் போட்டாங்க, அதுவே அந்த ஆல்பத்தோட தனி ஓசையாயிடுச்சு. 'வேர்ல்ட்ஸ் அபார்ட்' கேளுங்க, எவ்வளவு மெதுவா ஆரம்பிச்சு கடைசியில குரல் மேல குரல் அடுக்கி எங்க கொண்டுபோய் விடுறாங்கன்னு, அந்த ஏத்தம் டிரம்ஸை மட்டும் நம்பி வர்றது இல்ல. உங்க பாட்டையும் முதல்ல ஒரு கிதார் ஒரு குரல்ல பாடி ரெக்கார்ட் பண்ணுங்க, மறுநாள் கேளுங்க. அப்பவே நெஞ்சுல ஒட்டுதுன்னா அந்தப் பாட்டு ஆல்பத்துக்கு, ஒட்டலேன்னா இன்னும் கொஞ்ச நாள் வச்சிருங்க. கிளிக் டிராக் (தாளம் தப்பாம இருக்க டிக் டிக்னு அடிக்கிற சத்தம்) போட்டே வாசிங்க, பின்னாடி டிரம்மர் வந்தா மேல சேக்க சுலபமா இருக்கும். எந்தப் பாட்டை முதல்ல வைக்கிறீங்கன்னு முடிவானதும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க.