யானைக்குப் பின் வந்த நாட்கள்

கேள்வி: பாரதியின் கடைசி இரவைப் பற்றி நான் எழுதிய சிறுகதையைத் தகவல் பிழை என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றிய நாவலில் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் கூட்ஸி வரலாற்றையே மாற்றவில்லையா? கற்பனைக்கு ஏது தகவல் பிழை?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்.

பதில்: மாற்றினார், மறுக்கவில்லை. 1994இல் வெளிவந்த அந்த நாவலில், தஸ்தயேவ்ஸ்கியின் முதல் மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த பாவெல் 1869இலேயே இறந்துவிடுகிறான். உண்மையில் 1881இல் தஸ்தயேவ்ஸ்கி மறைந்த பின்னும் பாவெல் உயிரோடு இருந்தவர். இது தெரியாமல் கூட்ஸி எழுதிவிடவில்லை. மகனை இழந்த தகப்பனின் துக்கத்தையும், அந்தத் துக்கத்தையே எழுத்துக்குத் தீனியாக்கிவிடும் எழுத்தாளனின் குரூரத்தையும் காட்ட அவருக்கு அந்தச் சாவு வேண்டியிருந்தது. (தம் சொந்த மகனையே அவர் 1989இல் பறிகொடுத்திருந்தார்.)

உங்கள் கதையிலோ, திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளிவிட்ட அன்றிரவே, ‘காலா, உனை நான் சிறு புல்லென மதிக்கிறேன்’ என்று பாடியபடி பாரதி கண்மூடுகிறார். இந்த மாற்றத்தால் உங்களுக்குக் கிடைத்தது என்ன? நண்பர் குவளைக்கண்ணன் தூக்கிக் காப்பாற்றிய பிறகு, பாரதி உடல் தேறிச் சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குத் திரும்பி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய், மனிதனுக்கு மரணமில்லை என்று பேசிவிட்டு வந்து, அதன்பின் 1921 செப்டம்பரில்தான் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். சாவே இல்லை என்று மேடையில் பேசியவர், சில வாரங்களுக்குள் பாயில் கிடந்தபடி என்ன நினைத்திருப்பார்? கற்பனை நுழைய வேண்டிய வாசல் அது. நீங்கள் அதைச் சாத்திவிட்டு, ஊரார் வாய்க்கதையை உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

கடைசி இரவில் உடனிருந்தவர்களில் ஒருவர் பாரதியின் அன்பர் பரலி சு. நெல்லையப்பர். ஆப்கானிஸ்தானை அப்போது ஆண்ட அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பாரதி அன்றிரவு சொன்னதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். மகாகவிக்கு அந்த நேரத்தில் நினைவு வந்தது கவிதை அன்று, மறுநாள் கொடுக்க வேண்டிய கட்டுரை! காய்ச்சலில் சுருண்டு கிடந்துகொண்டே, தறியில் பாவு பாதியில் நிற்கிறதே என்று முனகும் நெசவாளியை உங்கள் ஊர்த் தெருவில் நீங்கள் பார்த்திராமல் இருக்க முடியாது. அந்த முனகலைக் கேட்ட காதுக்கு, ‘காலா’ என்ற பாட்டு அந்த இடத்தில் நாடகமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

உங்கள் கைப்பிரதியின் 9ஆம் பக்கத்தில் நெல்லையப்பர் கதவோரம் நிற்கிறார். கடைசி வரை அவரை நீங்கள் வாயே திறக்கவிடவில்லை. அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். அங்கிருந்து மறுபடி எழுதி, வேலூர் முகவரிக்கே அனுப்புங்கள்.