எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகளுக்காகக் கையெழுத்துப் போடுவது யார்?

கேள்வி: பெங்களூர் ராமமூர்த்தி நகரில் என் 9 வயது மகளுடன் இருக்கிறேன். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தாகி 4 வருடம் ஆகிறது. குழந்தை என் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. என் பெயரில் ஒரு ஃபிளாட், அதில் இன்னும் முடியாத வீட்டுக் கடன், கொஞ்சம் டெபாசிட், ஒரு டெர்ம் இன்சூரன்ஸ் உள்ளன. அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகள், "லிவிங் டிரஸ்ட் போட்டுவிடு, கோர்ட்டுக்கே போக வேண்டாம்" என்கிறாள். ஓசூரில் இருக்கும் அண்ணன், "உயில் போதும்" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, இரண்டுமே வேண்டும். ஆனால் உங்கள் சித்தி மகள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அமெரிக்காவில் உயிலை நிரூபிக்கும் புரோபேட் வழக்கு நீளும், செலவும் ஆகும். அதைத் தவிர்க்கத்தான் அங்கே லிவிங் டிரஸ்ட் பரவியது. டிரஸ்ட் என்றால், பயனாளி எனப்படும் ஒருவருக்காகச் சொத்தை டிரஸ்டிகள் என்ற பொறுப்பாளர்களிடம் ஒப்படைப்பது; அதை உயிரோடு இருக்கும்போதே செய்தால் லிவிங் டிரஸ்ட். பெங்களூரில் இருக்கும் சொத்துக்கு நீங்கள் எழுதும் உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் இல்லை. உங்கள் கவலை வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

நீங்கள் இந்து என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உயில் இல்லாமல் நீங்கள் காலமானால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் சொத்து மகளுக்குத்தான் போகும். விவாகரத்தான கணவருக்குப் பங்கு இல்லை. ஆனால் அவள் மைனர். விவாகரத்து கணவன் மனைவி உறவைத்தான் முடிக்கிறது. தகப்பன் உறவை அல்ல. நீங்கள் இல்லாதபோது இயற்கைப் பாதுகாவலர் என்ற உரிமையுடன் அவர் வந்து நிற்கலாம். நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவரால் ஃபிளாட்டை விற்க முடியாது. வாடகைக்கும் வங்கிப் பணத்துக்கும் அந்தத் தடை கிடையாது. சொத்து யாருக்கு என்பதில் சிக்கல் இல்லை. அவளுக்கு 18 வயதாகும்வரை அவளுக்காகக் கையெழுத்துப் போடுவது யார் என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உயில் நீங்கள் இறந்த பிறகுதான் பேசும். விபத்தில் 3 மாதம் நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்தால்? பள்ளிக் கட்டணத்தை யார் எடுத்துக் கட்டுவது? தனியாகக் குழந்தை வளர்க்கிறவர்கள் என்னிடம் வரும்போது சாவைப் பற்றிப் பேசுவார்கள், இந்த 3 மாதத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே டிரஸ்ட் போடச் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே டெபாசிட்டை டிரஸ்ட்டில் வையுங்கள், ஃபிளாட்டை உயிலில் வையுங்கள். ஃபிளாட்டை இப்போதே டிரஸ்ட்டுக்கு மாற்றினால் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும், முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், கடன் கொடுத்த வங்கியின் சம்மதமும் வேண்டும். உயிலுக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அதில் ஃபிளாட்டை நேரடியாக மகள் பெயருக்கு எழுதாமல், அவளுக்காக டிரஸ்டிகள் வைத்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் உயில் செல்லும். பதிவு கட்டாயம் இல்லை என்றாலும், உங்கள் விஷயத்தில் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது.

டிரஸ்ட்டில் நீங்களே முதல் டிரஸ்டியாக இருக்கலாம். உடன் அண்ணனையும், உறவில்லாத நம்பகமான ஒருவரையும் சேருங்கள். நீங்கள் செயல்பட முடியாதபோது அவர்கள் இருவரும் சேர்ந்து கணக்கை நடத்தலாம் என்று பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கையெழுத்துக்காக எல்லாமே நின்றுபோகும். அவர்களில் ஒருவர் விலகினால் அடுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். டிரஸ்ட்டை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு என்ற வரியும் வேண்டும். அது இல்லையென்றால், மகள் மேஜர் ஆகும்வரை உங்களால் எதையும் திரும்பப் பெற முடியாது. ரத்து செய்யும் உரிமை இருக்கும்வரை அந்த வருமானம் வரிக்கு உங்கள் வருமானமாகவே சேரும். இதில் வரி மிச்சம் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்புறம், பலரும் தவறவிடும் ஒரு இடம். மகளுக்கு 25 வயதில்தான் முழுப் பணமும் போக வேண்டும் என்று விரும்புவீர்கள். அப்படி எழுதினால் மட்டும் போதாது. பயனாளி ஒரே ஒருவராக இருந்து, அவர் மேஜராகிவிட்டால், சொத்தைத் தன்னிடம் கொடு என்று டிரஸ்டியிடம் கேட்கலாம் என்கிறது 1882ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டத்தின் 56ஆவது பிரிவு. 18 வயதுப் பிறந்தநாளுக்கு மறுநாளே கேட்கலாம். அதனால், 25 வயதுக்குள் அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் சொத்து இன்னாருக்கு என்று இரண்டாவது பயனாளியையும் எழுத வேண்டும். இந்த வரியை எழுதும்போது எந்தத் தாய்க்கும் கை நடுங்கும். இருந்தாலும் எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். மகள் யாரிடம் வளர வேண்டும் என்பதை டிரஸ்ட்டால் தீர்மானிக்க முடியாது. தகப்பன் உயிருடன், தகுதியுடன் இருக்கும்போது உங்கள் உயிலாலும் அவரை ஒதுக்க முடியாது. வழக்கு வந்தால் குழந்தையின் நலனைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும்; விவரம் தெரிந்த வயதானால் அவளுடைய விருப்பத்தையும் கேட்கும். அவள் யாருடன் வளர வேண்டும், ஏன் என்று உயிலில் நிதானமாக எழுதி வையுங்கள், அவர்மீது குற்றப்பட்டியல் போடாமல். பாதுகாவலர் என்ற முறையில் அவர் டிரஸ்ட் கணக்கைக் கேட்கலாம், கேட்கட்டும். பணத்தில் கைவைக்க முடியாது, அதுதான் வேண்டும்.

சரி, இதற்கெல்லாம் முன்னால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். இன்சூரன்ஸ், பிஎஃப், வங்கிக் கணக்குகளில் நாமினி யார் என்று பாருங்கள். விவாகரத்துக்கு முன்பு எடுத்தவை என்றால் பழைய பெயரே இன்னும் இருக்கக்கூடும். விவாகரத்துத் தீர்ப்பு வந்ததும் அது தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள்தான் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். டிரஸ்ட் தயாரானதும் டெர்ம் பாலிசியை அதன் பெயருக்கு அசைன் செய்ய, அதாவது பாலிசியின் உரிமையை மாற்றித் தரக் கேளுங்கள். பெரிய தொகை அதிலிருந்துதான் வரப்போகிறது. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது தீர்ப்பின் சான்றிட்ட நகல், ஃபிளாட்டின் காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு ஆவணம்), பாலிசிகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அண்ணனையும் கூட்டிப் போங்கள். இந்தப் பொறுப்பு பல வருடம் நீளும் என்பதை அவர் காதாலும் கேட்டுவிட்டுச் சம்மதிக்கட்டும்.