காங்கேயம் பசுவை எருமை முட்டையில் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களிடம் 14 வயது காங்கேயம் மயிலைப் பசு ஒன்று இருக்கிறது. எட்டு ஈத்து போட்டது. இரண்டு வருடமாகச் சினை நிற்கவில்லை. காதுத் தோல் ஒரு துண்டு கொடுத்தால் குளோனிங் முறையில் அதே மாட்டை மறுபடி எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பசுவின் கருமுட்டை கிடைப்பது கஷ்டமாம். எருமை முட்டையில் வைத்து எருமை வயிற்றிலேயே வளர்ப்பார்களாம். சேமிப்புக் கட்டணம் 40 ஆயிரம் கேட்கிறார். காதில் ஒரு துண்டு வெட்டி வீட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். பணம் கட்டலாமா? காளைக்கன்றுகளை எல்லாம் விற்றுவிட்டோம். கடைசியாகப் பிறந்த கிடேரி மட்டும் இருக்கிறது, மூன்று வயது.
- தாராபுரம் பக்கத்து விவசாயி

பதில்: கட்டாதீர்கள். ஃப்ரீசரில் இருக்கும் துண்டையும் தூக்கிப் போடுங்கள். உறைகாப்புத் திரவம் இல்லாமல் உறையவைத்தால் பனித்துகள் செல்லைக் கிழித்துவிடும். வெட்டின காதில் ஈ மொய்க்கிறதா என்று முதலில் பாருங்கள். புழு வைத்தால் அது வேறு செலவு.

ஏஜென்ட் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. எருமைக் கருமுட்டையை இறைச்சிக் கூடத்துச் சூலகங்களில் இருந்து எடுக்கலாம். பசுவுக்கு நம் நாட்டில் அந்த வழி எளிதில்லை. அதனால்தான் ஹரியானாவில் உள்ள கர்னால் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் முதலில் எருமையில் ஜெயித்தது. அங்கே 2010-ல் பிறந்த கரிமா-2 என்ற குளோனிங் எருமை 2013-ல் கன்றும் போட்டது. 2023 மார்ச்சில் அதே நிலையத்தில் குளோனிங்கில் பிறந்த கிர் இனக் கன்று கங்காவுக்கு வால் தோலில் இருந்து எடுத்த செல் கிர் மாட்டுடையது, முட்டை சாஹிவால் பசுவுடையது, வயிறு கலப்பினப் பசுவுடையது. மூன்றும் பசுதான், கவனியுங்கள்.

குளோனிங்கில் முட்டையின் சொந்த உட்கருவை எடுத்துவிட்டு, மரபுச் செய்தி இருக்கும் வேறு செல்லின் உட்கருவை வைப்பார்கள். பசுவின் உட்கருவை எருமை முட்டைக்குள் வைத்தால் முதல் சில செல் பிளவுகள் நடக்கும். முட்டையில் ஏற்கெனவே இருக்கும் சரக்கில் ஓடுகிற ஓட்டம் அது. எட்டு, பதினாறு செல் ஆகும்போது உட்கரு பொறுப்பை ஏற்க வேண்டும். ஆனால் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா முட்டையோடு வந்தது, அதாவது எருமையுடையது. சேர்ந்து வேலை செய்யவேண்டிய புரதங்களில் சில பசுவுடையது, சில எருமையுடையது. ஓட்டம் சேராத இரண்டு காளையை ஒரே நுகத்தில் பூட்டின கதை. பசுவுக்குக் குரோமோசோம் 60, நம் ஆற்றெருமைக்கு 50. அவ்வளவு தூரத்து உறவில் ஆய்வுக்கூடத் தட்டில் கரு வளர்ந்ததைக் காட்டியிருக்கிறார்கள், கன்று விழுந்ததில்லை.

நெருங்கின உறவிலேயே பாடு பெரும்பாடு. கொடைக்கானல் ரோட்டில் வந்து நிற்குமே காட்டுமாடு, அதன் செல்லை வளர்ப்புப் பசுவின் முட்டையில் வைத்து 2001 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு கன்று எடுத்தார்கள். நோவா என்று பெயர். 692 முட்டையில் ஆரம்பித்து ஒரு கன்று. அதுவும் இரண்டே நாளில் கழிச்சலில் போய்விட்டது. ஸ்பெயினில் அற்றுப்போன புகார்தோ மலையாட்டை 2003-ல் வெள்ளாட்டு முட்டையில் எடுத்தார்கள். நுரையீரல் சரியில்லாமல் சில நிமிடத்தில் செத்தது. பணமும் ஆராய்ச்சியாளர் கூட்டமும் இருந்த இடத்தில் இந்த நிலை என்றால், பைக்கில் வந்து ரசீது எழுதுகிறவர் என்ன செய்துவிடுவார்?

சரி, அவர் சேமிப்பையாவது ஒழுங்காகச் செய்வாரா? செல்லை வைக்கும் திரவ நைட்ரஜன் கேனைத் திறக்கச் சொல்லி மரக்குச்சியை அடிவரை விட்டு எடுங்கள். குச்சியில் வெண்பனி எவ்வளவு உயரம் படிகிறதோ அவ்வளவுதான் திரவ நைட்ரஜன். அது நாளும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு தடவை தவறினால் உள்ளே இருப்பது வெறும் தோல். திறந்து காட்ட மாட்டேன் என்று சொல்கிறவரிடம் சினை ஊசிகூடப் போடாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். எட்டு ஈத்தில் பிறந்த காளைக்கன்றுகள் எங்கே? நல்ல மாட்டின் மகன்களை எல்லாம் வியாபாரி கையில் கொடுத்துவிட்டு, மாடு கிழடானதும் காதை வெட்டுவதில் என்ன அர்த்தம்? அதில் ஒருவனைப் பூச்சிக்காளையாக, அதாவது இனவிருத்திக் காளையாக, நிறுத்தியிருந்தால் இன்று உங்கள் சுற்றுவட்டாரத்தில் அந்த ரத்தம் எத்தனை கொட்டகையில் நின்றிருக்கும்! குளோனிங் தருவது ஒரு மாடு. காளை தருவது ஒரு வம்சம். கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு காங்கேயம் பெருமை பேசுகிறோம், ஊருக்கு ஒரு காளை நிற்கவில்லை. தீவனச் செலவு என்பீர்கள். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் வைத்திருக்கிறவர் அதைச் சொல்லக்கூடாது.

இன்னொன்று. பசு எவ்வளவு கறந்தது, எந்த ஈத்து எந்த மாதம், கன்று ஈன்று எத்தனை நாளில் மறுபடி பருவத்துக்கு வந்தது என்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. எழுதி வைத்திருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 'நல்ல மாடு' என்பதற்கு ஆதாரம் நோட்டுப் புத்தகம்தான், பாசம் இல்லை. கிடேரிக்காவது இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள்.

கிழப் பசுவை இனி ஊசி போட்டு வதைக்கவேண்டாம். கொறங்காட்டில் மேயட்டும். கிடேரிக்குக் காங்கேயம் உறைவிந்து வேண்டும் என்று கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போடும்முன் விந்து இருக்கும் ஸ்ட்ராவைக் கையில் வாங்கி இனம், காளை எண் படித்துப் பாருங்கள். 'எல்லாம் காங்கேயம்தாங்க' என்று சொல்லிக்கொண்டே ஜெர்சியைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் பருவம் கண்டால் சாயந்திரம் போடுங்கள்.

கன்று செவலையாகத்தான் விழும், பயப்படவேண்டாம், ஆறு மாதத்தில் மயிலை ஏறும். காளைக்கன்றாக இருந்தால் நிலைப்பல் போடும்வரை விற்காமல் வைத்திருங்கள். ஊர் மாடுகளுக்கு விடுமுன் புருசெல்லா என்ற கருச்சிதைவு நோய்க்கு ரத்தப் பரிசோதனை அவசியம். தாய், தங்கை, மகளுக்கு விடாமல், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊர்க்காரரோடு காளையை மாற்றிக்கொள்ளுங்கள்.