ஒதுக்குப்புறமான ஊரொண்டில உங்களுக்குக் காதல் வந்த கதை இருக்கோ?

இருக்கு. நெடுந்தீவில.

2014இல எனக்கு முதல் ரீச்சர் நியமனமே அங்கதான் விழுந்தது. கடிதத்தைப் பார்த்திட்டு அம்மா அழுதா. கொக்குவிலை விட்டு ஒரு இரவு வெளியில தங்காத ஆள் நான். யாழ்ப்பாணத்தில பஸ் ஏறி, பண்ணை, வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவானில இறங்கோணும். பிறகு ஒரு மணித்தியாலம் படகு. சோழகம் எண்ட தென்மேல் காத்துத் தொடங்கினால் அதுவும் கடல் விட்டால்தான்.

ஒரு ஆச்சி வீட்டில அறை கிடைச்சுது. வளவைச் சுத்தி முருகைக்கல் வேலி. சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை. கல்லுக்கு மேல கல்லு, தன்ர பாரத்தில நிக்கும். ஊர் முழுக்க அப்பிடித்தான். ஆவணி வெயிலில தண்ணி தேடி வந்த மட்டக்குதிரை ஒண்டு முதுகை உரஞ்சி, வேலியில ரெண்டு பாக நீளத்தை வளவுக்குள்ள சரிச்சுப் போட்டுது. (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரையளின்ர வழி. படம் எடுக்க வாறவைக்கு வடிவு, வேலி வைச்சிருக்கிறவைக்குக் கரைச்சல்.)

கட்டித்தர ஆச்சி கூப்பிட்ட ஆள்தான் இவர். சாராப்பிட்டிக் கிணத்துத் தண்ணியை லான்ட்மாஸ்டர் உழவு மிசினில ஏத்தி வீடு வீடாக் குடுக்கிறவர். அரைநாள் வேலைக்கு நாலு நாள் எடுத்தார். பக்கத்தில இருந்து இதை வாசிச்சிட்டு, மூண்டு நாள்தான் எண்டு திருத்தச் சொல்லுறார். திருத்தமாட்டன்.

ஒரு கல்லை எடுப்பார், திருப்புவார், வைப்பார், ஆடும், திரும்ப எடுப்பார். மூண்டாம் நாள் தேத்தண்ணி குடுக்கேக்க, "ஏன் இவ்வளவு மினக்கெடுறியள்? கொத்திச் சரிப்படுத்தி வைக்கலாமே?" எண்டு கேட்டன்.

"கொத்தினால் உடைஞ்சிடும் ரீச்சர். பிடிச்சுப் பாருங்கோ" எண்டு ஒரு கல்லைக் கையில தந்தார்.

பார்வைக்குப் பாறாங்கல்லு, தூக்கினால் அவ்வளவு பாரமில்லை. உள்ளங்கை பட்ட பக்கம் முழுக்கப் பூப்பூவாச் சின்னச் சின்னக் குழியள். அதைத் தடவிக்கொண்டு நிண்டதில தேத்தண்ணி ஆறிப்போச்சு. ஆறினதையே குடிச்சிட்டு, நல்லாயிருக்கு எண்டார்.

அங்க ரகசியம் நிக்காது. கல்வேலி ஓட்டையால காத்தும் போகும், கதையும் போகும். ஐஞ்சாம் நாள் எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் கையை உயர்த்தினான். கணக்கில சந்தேகமாக்கும் எண்டு பார்த்தால், "வேலி முடிஞ்சுதோ ரீச்சர்?"

முடிஞ்சு பத்து நாள் இருக்கும், அதே இடம் திரும்பவும் சரிஞ்சுது. குதிரை எண்டு ஆச்சிக்குச் சொன்னன். ஆச்சி ஒண்டும் பறையாமல் ஆளனுப்பினா.

அவர் வந்து குந்தியிருந்து பார்த்தார். கல்லெல்லாம் வெளியில ஒழுங்கைப் பக்கம் விழுந்து கிடந்தது.

"ரீச்சர், இந்தமுறை குதிரை வளவுக்குள்ள நிண்டதோ?"

நான் தேத்தண்ணி போட உள்ள போயிட்டன்.