விவசாய வருமானத்த ரிட்டர்ன்ல தப்பா போட்டாச்சா? கேளுங்க, சொல்றேன்

வணக்கங்க. கோபி பக்கம் சின்னதா ஆபீஸ் வெச்சு 14 வருஷமா வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறேன், எங்க வீட்லயும் மஞ்சக்காடு இருக்கு. 2024-25க்கான ரிட்டர்னுக்கு 2025 செப்டம்பர் 16 வரைக்கும் டைம் நீட்டிச்சிருந்தாங்க, அதுல வந்த சந்தேகத்துக்கெல்லாம் பதில் இங்க இருக்கு. நான் சொல்ற கணக்கு எல்லாமே 2024-25 நிதியாண்டுக்கு, நியூ ரெஜிம்ல (புது வரி முறைல).

கேள்வி: அண்ணா, நான் பேங்க்ல வேலை. மஞ்சள் வித்ததுல செலவு போக 1,80,000 நின்னுச்சு. ஐடிஆர்-1 ரிட்டர்ன் ஃபார்ம்ல எக்ஸெம்ப்ட் இன்கம்ல (வரி இல்லாத வருமானம்) போட்டா எர்ரர் வருது, 5,000னு போட்டா மட்டும் ஏத்துக்குது. அப்படியே 5,000 போட்டுடவா?

வேண்டாம் தம்பி, அது பொய்க் கணக்கு ஆயிடும். சாஃப்ட்வேர்ல கோளாறு ஒண்ணும் இல்ல, ஐடிஆர்-1ல விவசாய வருமானம் 5,000 ரூபாய் வரைக்கும்தான் காட்ட முடியும். அதுக்கு மேல போனா ஐடிஆர்-2. பழைய டிராஃப்ட விட்டுட்டு புதுசா ஐடிஆர்-2 ஆரம்பிங்க, சம்பள விவரம் தானாவே வந்து நிக்கும், ஆனா ஆபீஸ்ல குடுக்கற ஃபார்ம் 16ஓட ஒருவாட்டி ஒத்துப் பாத்துக்கங்க. வரி இல்லாத வருமானம்தானே, எழுதாம விட்டா என்னனு நிறைய பேரு நினைக்கறாங்க. வரி இல்லங்கறது வேற, காட்ட வேண்டாங்கறது வேற.

கேள்வி: சார், பொள்ளாச்சில தென்னந்தோப்பு. சம்பளம் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (சம்பளக்காரங்களுக்குப் பொதுவா கழிக்கற தொகை) போக 10 லட்சம். தேங்காய் வித்தது 7 லட்சம், அத ஷெட்யூல் ஈஐல (வரி இல்லாத வருமானத்தக் காட்டற பகுதி) போட்டதும் வரி 1,56,000னு காட்டுது, கீழ மாவட்டம், ஏக்கர்னு புதுசா கட்டமெல்லாம் திறக்குது. விவசாயத்துக்கு வரியே இல்லனு சொன்னாங்களே?

அந்தக் கட்டம் திறந்துச்சு பாருங்க, அங்கயே தப்பு தெரிஞ்சு போச்சு. நிகர விவசாய வருமானம் 5 லட்சத்த தாண்டினா மட்டும்தான் அது திறக்கும். நீங்க மொத்த வரவ மட்டும் போட்டுட்டு அதுக்குக் கீழ இருக்கற செலவுக் கட்டத்த காலியா விட்டிருக்கீங்க. உரம், தேங்கா போடற கூலி, உரிகூலி, டிராக்டர் வாடகை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் சேத்தி எவ்வளவு ஆச்சுனு பில்லு, நோட்டு வெச்சுக் கூட்டுங்க. நீங்களே தோப்புல இறங்கி வேலை செஞ்சதுக்கு கூலி எழுத முடியாது, ஆளுக்குக் குடுத்தத எழுதலாம். ஒரு பேச்சுக்கு செலவு 4 லட்சம்னு வெச்சுக்குவோம், அப்ப நிகரம் 3 லட்சம்.

இப்ப வரி எப்படி வருதுனு பாருங்க. சம்பளமும் விவசாயமும் சேத்தி 13 லட்சம், அதுக்கு வரி 1,00,000. அப்புறம் விவசாய 3 லட்சத்தோட அடிப்படை விலக்கு 3 லட்சத்த கூட்டி 6 லட்சம், அதுக்கு வரி 15,000. இத அதுல கழிச்சா 85,000, செஸ்ங்கற கூடுதல் வரி 4 சதவீதம் சேத்தி 88,400. ஒரு கட்டத்த காலியா விட்டதால 67,600 ரூபா கூட காட்டிருக்கு! விவசாயமே இல்லாம சம்பளம் மட்டும்னா 52,000தான் வரும். விவசாயப் பணத்துக்கு நேரா வரி போட மாட்டாங்க, ஆனா அதக் கூட்டிப் பாத்துதான் உங்க சம்பளம் எந்த ஸ்லாப்ல (வரி அடுக்குல) நிக்குதுனு முடிவு பண்றாங்க. மத்த வருமானம் விலக்கு வரம்புக்குள்ளயே இருந்தா இந்தக் கூட்டலே கிடையாது, விவசாயத்துல எவ்வளவு வந்தாலும் சரி.

கேள்வி: எனக்கு உண்மையாவே 5 லட்சத்துக்கு மேலங்க, தேனி பக்கம் வாழை. பட்டால 1.21.50னு இருக்கு, ஏக்கர் கட்டத்துல 1.21 போட்டேன். சரிதானுங்களா?

நல்லவேளை கேட்டீங்க, இத நான் எத்தனையோ ரிட்டர்ன்ல பாத்துட்டேன். பட்டால இருக்கறது ஹெக்டேர், ஏர்ஸ். 1.21.50னா 1 ஹெக்டேர் 21.50 ஏர்ஸ், அதாவது 1.215 ஹெக்டேர். 2.471ஆல பெருக்குங்க, 3 ஏக்கர் வரும். 1.21 ஏக்கர்ல இவ்வளவு வாழையானு நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியானும் கேட்கும், அடங்கல்ல (ஊர்ப் பயிர்க் கணக்கு) எப்படி இருக்கோ அப்படியே போடுங்க.

கேள்வி: சம்பளம் எல்லாம் கழிச்சு 6,80,000 தான். 7 லட்சம் வரைக்கும் வரி இல்லயே, ஆனா விவசாயம் 4 லட்சம் போட்டதும் 17,680 கட்டச் சொல்லுது. ரிபேட் (வரித் தள்ளுபடி) போயிடுச்சா?

ரிபேட் போகலம்மா, கிடைச்சிருக்கு. உங்க மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள்ளதான், விவசாயம் அதுல சேராது. ஆனா மேல சொன்ன கூட்டல் கழித்தல்ல வரி 42,000 வருது, 87ஏ பிரிவுல கிடைக்கற ரிபேட்டோ அதிகபட்சம் 25,000தான். மீதி 17,000, செஸ் 680. சாஃப்ட்வேர் சரியா போட்டிருக்கு. செலவ மட்டும் விடாம எழுதியிருக்கீங்களானு பாத்துக்கங்க.

கேள்வி: 6 மாடு வெச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்தறேன், நிலத்துல சோளமும் இருக்கு. எல்லாத்தயும் விவசாயத்துலயே போட்டேன்.

பால் காசு விவசாய வருமானத்துல வராதுங்க, கோழிப்பண்ணையும் வராது. தீவனம் உங்க காட்டுலயே வெளஞ்சாலும் பால் வியாபார வருமானம்தான். சோளம் வித்ததுல 5,000க்கு மேல நின்னா ஐடிஆர்-4ம் போட முடியாது, ஐடிஆர்-3க்குப் போகணும். நாத்துப் பண்ணை வெச்சு கன்னு விக்கறவங்க பயப்பட வேண்டாம், அது விவசாயம்தான்.

கேள்வி: கோத்தகிரில 2 ஏக்கர் தேயிலை. வருமான வரி ரூல் 8 படி 40 சதவீதம் வியாபாரம்னு நண்பர் போட்டுக் குடுத்தார்.

பச்சத் தேயிலைய பறிச்சு ஃபேக்டரிக்குக் குடுக்கறவங்களுக்கு அது இல்லங்க. தானே வெளைவிச்சு தானே தூளாக்கி விக்கறவங்களுக்குத்தான் 40 வியாபாரம், 60 விவசாயம். உங்களுது முழுசும் விவசாயம், செலவு கழிச்சுப் போடுங்க.

கேள்வி: கிராமத்துல ஒரு ஏக்கர் வித்த 18 லட்சத்த விவசாய வருமானம்னு காட்டி ரிட்டர்ன் அனுப்பிட்டேன். இப்ப என்ன பண்றது?

நிலத்த வித்த பணம் வெளைச்சல் வருமானம் ஆகாது, அதனாலதான் உங்க வரியும் தாறுமாறா ஏறியிருக்கும். ஊரகத்துல இருக்கற விவசாய நிலம்னா மூலதன ஆதாய வரிக்குள்ளயே வராது. ஆனா அது ஊரக நிலம்தானானு முதல்ல பாருங்க: நகராட்சி எல்லைல இருந்து நேர்கோட்டுல, மக்கள்தொகை 10,000ல இருந்து 1 லட்சம்னா 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரைக்கும் 6, அதுக்கு மேல 8. அந்த தூரத்துக்கு வெளிய இருக்கணும். ரோட்டுல சுத்திப் போற தூரம் கணக்கு இல்ல.

அனுப்பினத இன்னும் இ-வெரிஃபை (ஆன்லைன்ல உறுதி) பண்ணலன்னா டிஸ்கார்ட் (ரத்து) குடுத்துட்டு புதுசா போடலாம். பண்ணியாச்சுனா ரிவைஸ்ட் ரிட்டர்ன் (திருத்தின ரிட்டர்ன்), 2024-25க்கு அதுக்கு 2025 டிசம்பர் 31 வரைக்கும் டைம் இருந்துச்சு; பழைய அக்னாலெட்ஜ்மென்ட் நம்பரும் தேதியும் கேட்கும், எடுத்து வெச்சுக்கங்க. திருத்தி அனுப்பினதையும் 30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ணணும், இல்லனா அது செல்லாது. பத்திரத்தோட நகலும், நிலம் எல்லைக்கு வெளிய இருக்குனு விஏஓ கிட்டயோ தாலுகா ஆபீஸ்லயோ ஒரு சான்றும் வாங்கி ஃபைல்ல போட்டு வைங்க.