ஐயரம்மா பதில்கள்: கன்வென்ஷனுக்கு யாரை அழைக்கலாம்?

கன்வென்ஷன், அதாவது சபைகள் சில நாட்கள் தொடர்ந்து நடத்தும் வேதபோதனைக் கூட்டங்களின் சீசன், நெருங்கிவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளியூர்ப் பேச்சாளர்களைப் பற்றியவை. அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சபையில் வருடந்தோறும் மூன்று நாள் கன்வென்ஷன் நடக்கும். போன வருடம் வந்தவர் மூன்று இரவும் தன் வெளிநாட்டுப் பயணங்களைச் சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை யூடியூபில் பிரபலமான ஒருவரை அழைக்கலாம் என்று கமிட்டியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?
— கமிட்டி உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்

தம்பி, ஆளைத் தேடுவதற்கு முன்னால் பாடத்தை முடிவு செய்யுங்கள். கமிட்டி கூடியதும் “யாரைப் போடலாம்?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. நோட்டீஸில் யார் படம் இருந்தால் கூட்டம் சேரும் என்று கணக்குப் பார்க்கிறோம். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த வருடம் நம் சபையாருக்கு எது தேவை என்று உங்கள் சபைப் போதகரான ஐயரோடு உட்கார்ந்து பேசுங்கள். பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தில் நான்கே அதிகாரம். வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு இரவு முடிய, ஞாயிறு காலை ஆராதனையையும் சேர்த்தால் நான்கு செய்தி. ஒரு நிருபத்தை முழுதாகக் கேட்டு முடித்த சபை அதை லேசில் மறக்காது. “பிலிப்பியரை எங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்” என்று கேட்டால், பயணக் கதைக்கு அதிகம் இடமிருக்காது. “அந்த நேரத்தில் ஆண்டவர் தருவதைப் பேசுவேன், தலைப்பெல்லாம் வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். ஒரு மாதம் முன்னால் உட்கார்ந்து படிப்பவருக்கும் ஆண்டவர் தருவார்.

அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பிசீதியா நாட்டு அந்தியோகியா ஜெப ஆலயத்துக்குப் பவுல் விருந்தாளியாகத்தான் போகிறார். முதலில் நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளின் ஆகமமும் வாசிக்கப்படுகின்றன. அதற்குப் பிறகே ஜெப ஆலயத் தலைவர்கள் ஆள் அனுப்பி, புத்தி சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்கிறார்கள். வாசிப்பு முந்தி, விருந்தாளி பிந்தி. அடுத்த ஓய்வுநாளிலும் இதையே பேசுங்கள் என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள். புதுசாக ஒன்று கேட்கவில்லை.

யூடியூபில் பேசுகிறார் என்பது குற்றமில்லை. ஆனால் பின்னணி இசையோடு வெட்டிப் போட்ட இரண்டு நிமிடத் துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு முழுச் செய்தியை, கையில் வேதாகமத்தோடு, கமிட்டியார் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். அவர் போன வருடம் பேசிய ஏதாவது ஒரு சபைக்குப் போன் போடுங்கள். “எப்படிப் பேசினார்?” என்று கேட்டால் எல்லாரும் “பிரமாதம்” என்பார்கள். “என்ன பேசினார்?” என்று கேளுங்கள். பதில் வருகிறதா, தயக்கம் வருகிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அழைப்புக் கடிதத்தில் உங்கள் ஜனங்களைப் பற்றி எழுதுங்கள். பீடி சுற்றும் பெண்கள் எத்தனை பேர் வருவார்கள், உப்பளத்துக்கு விடியற்காலம் போகிறவர்கள் இருக்கிறார்களா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். அப்புறம், அவருக்கு உரிய நேரத்தை அவருக்கே கொடுங்கள். பல ஊர்களில் ஆறரைக்குப் பாட்டு ஆரம்பிக்கும். பாடகர் குழுவின் சிறப்புப் பாடல், வாலிபர் பாடல், அறிவிப்பு, காணிக்கை, வந்திருக்கும் பிரமுகர்களுக்குப் பொன்னாடை எல்லாம் முடிந்து பேச்சாளர் எழும்பும்போது எட்டே முக்கால் ஆகியிருக்கும். பிள்ளைகள் தாய் மடியில் தூங்கிவிடுவார்கள். துரோவாவில் பவுலே நடுராத்திரி வரை நீட்டிப் பேச, ஐத்திகு தூக்க மயக்கத்தில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். ஏழேகாலுக்கு மைக்கைக் கையில் கொடுத்து, எட்டுக்கு முடிக்கச் சொல்லுங்கள். பொன்னாடையை ஞாயிறு மதியச் சாப்பாட்டில் போர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: பேச்சாளருக்குக் கவரில் பணம் கொடுப்பது சரியா? சிலர் முன்கூட்டியே தொகை கேட்கிறார்களே?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

கொடுப்பது சரி, கட்டாயம் கொடுங்கள். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பது வேத வசனம். பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோது பிலிப்பி சபையார் ஒன்றிரண்டு தடவை உதவி அனுப்பியதை அவரே நன்றியோடு எழுதுகிறார்.

விலை பேசுவது வேறு. ஆதித் திருச்சபைக்கும் இந்தத் தொல்லை இருந்தது. ‘திதகே’ என்ற பழைய போதனைச் சுவடி ஒன்று உண்டு. கான்ஸ்டான்டினோப்பிளில் 1873-ல் கண்டெடுக்கப்பட்டு, 1883-ல் அச்சானது. ஊர் ஊராக வரும் போதகர்களை எப்படி நடத்துவது என்று அதில் விவரமாக இருக்கிறது. வருகிறவரை ஆண்டவரை ஏற்பதுபோல் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இன்னொரு நாள். மூன்றாம் நாளும் உட்கார்ந்திருந்தால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் போய்ச் சேரும் வரைக்குமான அப்பம் கொடுத்தால் போதும், பணம் கேட்டால் அவரும் கள்ளர்தான். அதே சுவடி, உங்களோடு தங்கிப் போதிக்கும் உண்மையான போதகருக்கு முதற்பலனை, அதாவது விளைச்சலின் முதல் பங்கை, கொடுங்கள் என்றும் சொல்கிறது.

நான் சொல்வது இதுதான். போக வரச் செலவைக் கேட்காமலே, வந்த அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். காணிக்கையைச் சபைக் கணக்கில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். இருட்டில் காரின் ஜன்னல் வழியாகக் கவரைத் திணிக்கும் வழக்கம் கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நல்லதில்லை. இவ்வளவு தந்தால்தான் வருவேன் என்பவரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் நடந்த உயிர்மீட்சிக் கூட்டத்தில் பேசியவர், விசுவாசம் இருந்தால் மாத்திரை வேண்டாம் என்றார். எங்கள் தெருவில் ஒரு அக்கா இன்சுலின் போடுவதை நிறுத்திவிட்டார். பெரிய ஊழியக்காரரை எதிர்த்துப் பேசலாமா?
— ஊர் வேண்டாம் என்ற வாசகி

இதைப் படித்த உடனே அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள் மகளே. கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்சுலின் போடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஊழியக்காரர் விஷயத்தைத் திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம்.

தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் அதை நிதானித்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள். அப்பொல்லோவைப் பாருங்கள். பேச்சு வல்லவர், வேதத்தில் வல்லவர், எபேசுவுக்கு வந்த வெளியூர்ப் பேச்சாளர். ஆனால் யோவானின் ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளங்கவைத்தார்கள். ஒரு பெண்ணும் சேர்ந்து திருத்தியிருக்கிறாள், அவரும் கேட்டுக்கொண்டார். அப்புறம் அவர் அகாயாவுக்குப் போகப் புறப்பட்டபோது சகோதரர்கள் அங்குள்ளவர்களுக்கு எழுதி, அவரை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆகவே உங்கள் ஐயர் அந்தப் பேச்சாளரிடம் நேரில் பேச வேண்டும். அது போதாது. மேடையில் சொன்னதை மேடையிலேயே திருத்த வேண்டும். வருகிற ஞாயிறு, “யாரும் மருந்தை நிறுத்தாதீர்கள், மருந்தோடு ஜெபியுங்கள்” என்று பிரசங்க பீடத்திலிருந்து உங்கள் ஐயரே சொல்லட்டும். தயங்கினால் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

கேள்வி: கேரளாவின் மாராமண் கன்வென்ஷனுக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டா?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

உண்டு. கோழஞ்சேரிக்கு எதிரே, பம்பை ஆற்று மணலில் ஓலைப் பந்தல் போட்டு, பிப்ரவரியில் எட்டு நாள் நடக்கும் கூட்டம் அது. கேரளாவின் மார்த்தோமா திருச்சபையில் 1888-ல் தொடங்கிய சுவிசேஷ சங்கம் 1895 மார்ச்சில் முதல் கூட்டத்தை நடத்தியது. நம் பண்ணைவிளையில் இருந்த வாக்கர் ஐயர் 1900 முதல் பல தடவை அங்கே போய்ப் பேசியிருக்கிறார். தோமஸ் வாக்கர், சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்துச் சங்கத்தின் மிஷனரி, 1885-ல் திருநெல்வேலிக்கு வந்தவர், 1912-ல் மசூலிப்பட்டினத்தில் இறந்தார். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் தமிழ் படித்தது வாக்கர் குடும்பத்தோடு தங்கித்தான். சாது சுந்தர் சிங் 1918-ல் மாராமணில் பேசினார். அமெரிக்க மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்தார்.

இந்தத் திரும்ப வருவதைத்தான் நம் கமிட்டிகள் கவனிக்க வேண்டும். “போன தடவை வந்தவரா? வேண்டாம், புது ஆள் போடுவோம்” என்கிறோம். நன்றாகப் போதிப்பவர் மறுபடி வந்தால் யார் வீட்டில் சாவு விழுந்தது, எந்தப் பையன் படிப்பை விட்டான் என்று தெரிந்து பேசுவார். என் கணவர் ஊழியத்தில் இருந்த காலமெல்லாம் பேச்சாளர்கள் எங்கள் குருமனையில்தான் தங்குவார்கள். இரண்டாம் தடவை வந்தவர்கள் காபி குடிக்கும்போதே சபையாரைப் பேர் சொல்லி விசாரிப்பார்கள். அந்த இரவு செய்தியே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: ஆங்கிலத்தில் பேசும் ஒருவருக்கு மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரி மாணவி நான், பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, திருச்சி

பயப்படாதே அம்மா. நெகேமியா 8-ல் லேவியர் செய்த வேலை இது. வாசித்ததற்கு அர்த்தம் சொல்லி ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள். நானும் பெண்கள் கூட்டங்களில் செய்திருக்கிறேன்.

முந்தின நாளே அவரிடம் வசனங்களை வாங்கிவிடு. தமிழ் வேதாகமத்தில் ஒவ்வொரு இடத்திலும் சீட்டு வைத்துக்கொள். வசனத்தை நீயாக மொழிபெயர்க்காதே, திறந்து வாசி. சபையாருக்கு மனப்பாடமான வசனத்தில் ஒரு சொல் மாறினாலும் கூட்டம் முணுமுணுக்கும், உன் கவனம் போய்விடும். அவர் ஆங்கிலப் பாட்டு எதையாவது சொல்லப்போகிறாரா என்று கேள். நம் பாட்டுப் புத்தகமான பாமாலையில் அது இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள். அவர் “நான்” என்றால் நீயும் “நான்” என்றே சொல், “இவர் என்ன சொல்கிறார் என்றால்” என்று இழுக்காதே. வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்தும்படி தைரியமாகக் கேட்டுக்கொள். பாதி வாக்கியத்தில் அவர் நிறுத்தினால் தமிழில் வினைச்சொல் கிடைக்காமல் நீ திண்டாடுவாய். நாற்பது நிமிடம் கொடுத்திருந்தால் அவருக்கு இருபதுதான் என்பதையும் சொல்லிவிடு. பலருக்கு இது தோன்றுவதே இல்லை. அவர் சொன்ன நகைச்சுவை நம் ஊருக்குப் புரியாது என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போ.

கூட்டம் முடிந்ததும் அந்த வசனப் பட்டியலை வேதபாட வகுப்பு நடத்துகிறவரிடம் கொடு. அடுத்த வாரம் அதையே அவர் எடுத்து நடத்தலாம்.