கறுத்த பல்லும் நின்ற சொத்தையும்

கேள்வி: முகாமில் என் ஐந்து வயது மகளின் சொத்தைப் பற்களில் ஏதோ திரவம் தடவினார்கள். ஊசி, துளையிடுதல் எதுவும் இல்லை. சொத்தை கறுத்துவிட்டது. ஆனால் இரண்டு கடைவாய்ப் பற்கள் இன்னும் மெத்தென்று இருக்கின்றனவாம். மருந்து பலிக்கவில்லையா?

பதில்: அது 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடாக இருக்கும். 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்த மருந்து. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும். சொத்தையில் படியும் கறுப்பு போகாது; பல்லின் வெளிப்படலமான எனாமல் நன்றாக இருந்தால் கறுக்காது. இதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் தடவ வேண்டும்.

நிறத்தை விட, பல் இறுகியதா என்பதே முக்கியம். கறுத்து, பளபளப்பாக, தொட்டால் கல்போல் இருந்தால் சொத்தை நின்றுவிட்டது. கறுத்தும் மெத்தென்று இருந்தால் நிற்கவில்லை. முன்பற்களை விடக் கடைவாய்ப் பற்களில் இப்படி ஆவது அதிகம். உணவு தங்கும், துலக்கும்போது பிரஷ் எட்டாது, எச்சிலும் சுலபமாக ஊறிவிடும்.

பெரும்பாலும் கெடுப்பது எச்சில்தான். மருந்து நீர்த்துப்போய் ஓடிவிடும். முதலில் பல்லில் ஒட்டிய உணவையும் படலத்தையும் துடைத்தெடுக்க வேண்டும். உதட்டில் வாஸ்லின். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சுருளை. சொத்தையை நன்றாக உலர்த்தியபின் சிறு தூரிகையால் மருந்தைத் தொட்டு வைத்து, முடிந்தால் ஒரு நிமிடம் ஊறவிட்டு, மிஞ்சியதைப் பஞ்சால் ஒற்ற வேண்டும். நாலைந்து பல்லுக்கு ஒரு சொட்டு போதும். குழந்தை அழுகிற அவசரத்தில் உலர்த்துவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தோலில் பட்ட கறை ஓரிரு வாரத்தில் தானே மறையும்.

ஆகவே அந்த இரண்டு பற்களுக்கும் மறுபடி தடவச் சொல்லுங்கள். ஒரு தடவையோடு விட்டால் நின்ற சொத்தையும் திரும்பக் கிளம்பலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவுவது நல்லது. குழியில் உணவு சிக்கினால், இறுகிய பிறகு கிளாஸ் அயனோமர் என்னும் பல் அடைப்புப் பொருளை வைத்து அடைக்கலாம். அதற்கும் மின்கருவி வேண்டாம், கைக்கருவி போதும்.

வெள்ளி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், வாய்ப்புண் இருக்கும்போதும் தடவக்கூடாது. மருந்தை வாங்கி வீட்டில் தடவவும் வேண்டாம், செறிவு மிக அதிகம். வீட்டில் செய்ய வேண்டியது: இரவு படுக்கும் முன்னும் பகலில் ஒருமுறையும், பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்டால் நீங்களே துலக்கிவிடுங்கள். மூன்று வயதுக்குள் இருக்கும் தம்பி, தங்கைக்கு அரிசி அளவு.

இரவில் தூக்கம் கெடுக்கும் வலி, ஈறில் சீழ்க்கொப்புளம், கன்ன வீக்கம் இருந்தால் கிருமி பல்லின் நரம்பு வரை போயிருக்கும். அங்கே இந்த மருந்து உதவாது. உடனே பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.